மூளைக்குக் கரண்ட் வைத்தால் கை திரும்ப வருமா? தம்பிக்காகக் கேட்ட அக்காவுக்கு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். தம்பிக்கு 34 வயது, கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். 8 மாதம் முன்னால் ரெட்டிச்சாவடி பக்கம் பைக்கில் வரும்போது விபத்து, தலையின் இடது பக்கம் பலத்த அடி. மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்து, ரத்தக்கட்டை அகற்றி, பிறகு எலும்பைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். இப்போது நடக்கிறார், பேசுகிறார், வலது கைதான் சரியாக வரவில்லை. விரல்களை மடக்குகிறார், விரிக்க முடிவது கொஞ்சம்தான், தொட்டால் மரத்த மாதிரி இருக்கிறது என்கிறார். ஒரு தனியார் மையத்தில் 'மூளைக்கே நேரடியாகக் கரண்ட் வைக்கிறோம், 30 தடவை வந்தால் கை பழையபடி ஆகிவிடும்' என்று சொல்லிப் பெரிய தொகை கேட்டிருக்கிறார்கள். நகையை வைத்தாவது கட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

நகையை வைக்காதீர்கள். அப்படி ஒரு உறுதியை யாராலும் கொடுக்க முடியாது. அதற்காக மூளைக்கு மின்தூண்டல் தருவதே ஏமாற்று வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். உலகத்தின் நல்ல நல்ல ஆய்வுக்கூடங்களில் இருபது முப்பது வருடமாக இதில் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள், சிலவற்றில் நிஜமாகவே பலன் தெரிகிறது. ஆனால் அந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: மின்சாரம் தனியாக எந்தக் கையையும் மீட்டுக் கொடுத்ததில்லை. கை வேலை செய்து பழகுகிற அதே நேரத்தில் மூளை அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் சீக்கிரம் பிடித்துக்கொள்ள உதவலாம், அவ்வளவுதான் அதன் வேலை. பயிற்சி இல்லாத கரண்ட் வீண். கரண்ட் இல்லாத பயிற்சி வீண் இல்லை. நான் புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன், பக்கவாதமும் தலைக்காயமும்தான் என் அன்றாட வேலை, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பக்கம் 'கரண்ட் வைத்தார்கள்' என்றால் நாலு வேறு சிகிச்சைகளுக்கும் அதே பேச்சுதான், பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பம் தீராது. தம்பிக்கு ஏற்கெனவே முழங்கைக்குக் கீழே இரண்டு பேட் ஒட்டி விரல்கள் தானாக விரியும்படி செய்திருப்பார்கள். அது தசைக்குப் போகும் நரம்பைத் தூண்டுவது, மூளையைத் தொடுவதே இல்லை. மனநலப் பிரிவில் தரும் ஈசிடி இன்னொன்று, அதைத்தான் ஜனங்கள் ஷாக் என்கிறார்கள். மயக்க மருந்து கொடுத்து, 800 மில்லிஆம்பியர் அளவில் மின்சாரம் செலுத்தி, வேண்டுமென்றே ஒரு வலிப்பை வரவழைக்கிற சிகிச்சை அது. உங்கள் அம்மா பயந்ததாக எழுதியிருந்தீர்களே, அவர் மனதில் இருந்தது இதுவாகத்தான் இருக்கும். அந்த மையம் சொன்னது டிடிசிஎஸ். உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளைத் தலையில் வைத்துக் கட்டி 1 அல்லது 2 மில்லிஆம்பியர், 20 நிமிடம். 2 என்று வைத்தாலும் ஈசிடியில் போவதில் 400ல் ஒரு பங்குதான். அதிலும் பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலுமே சிதறிப்போய்விடும், மூளைக்குள் இறங்குவது மிச்சம்தான். அந்த மிச்சம் நரம்பணுவைச் சுண்டி எழுப்பாது. அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தால், வேலை செய்யும் விளிம்பில் இருந்தால், அந்த விளிம்பை ஒரு சின்ன அளவு முன்னே தள்ளும். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்தில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர் 2000ல் இதை அளந்து காட்டிய பிறகுதான் உலகம் முழுக்க டிடிசிஎஸ் பரவியது.

நாலாவது டிஎம்எஸ். எட்டு வடிவத்தில் ஒரு சுருளைத் தலைக்கு மேல் வைத்துக் காந்தத் துடிப்பு கொடுப்பார்கள், டக் டக் என்று சத்தம் வரும். காந்தப்புலத்துக்கு மண்டையோடு ஒரு தடையே இல்லை, உள்ளே போய் அங்கே மின்சாரத்தை உண்டாக்கி நரம்பணுக்களை நிஜமாகவே சுட வைக்கும். 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு இதைச் செய்துகாட்டியது. மூளையின் மேற்பரப்பில் அசைவுக்கு உத்தரவு போடும் மோட்டார் கார்டெக்ஸ் பகுதியில், கைக்கு உரிய இடத்தின் மேல் சுருளைச் சரியாக வைத்து ஒரு துடிப்பு கொடுத்தால் எதிர்ப்பக்கத்துக் கட்டைவிரல் தானாகத் துள்ளும். இந்தத் துள்ளலை நினைவில் வையுங்கள், தம்பி விஷயத்தில் சிகிச்சையை விட இதுதான் உபயோகம் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். இடது மூளையிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் பத்து லட்சம் அளவில் இருக்கும், அவை மூளைத்தண்டின் அடியில் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடம் வழியாக இறங்கி, வலது கையின் தசைகளுக்குச் செய்தி கொண்டுபோகின்றன. அடிபட்டதில் மேலே கார்டெக்ஸ் மட்டும் நசுங்கியிருக்கலாம், இல்லை உள்ளே இழைகளே அறுந்திருக்கலாம், தலைக்காயத்தில் பெரும்பாலும் இரண்டும் கலந்து இருக்கும். தானே புயல் அடித்த 2011 டிசம்பரை கடலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கம்பம் சாய்ந்து கம்பி அறுந்த தெருவுக்கு சப்ஸ்டேஷனில் எவ்வளவு வோல்டேஜ் ஏற்றினாலும் வீட்டு விளக்கு எரியாது, ஒரே ஒரு கம்பி மிச்சம் இருந்தால்கூட அதை வைத்து ஏதாவது செய்யலாம். மூளையிலும் முதலில் தெரிய வேண்டியது, கைக்குப் போகும் இழைகளில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு பக்கவாத நோயாளிகளிடம் இதைத்தான் செய்தது. நோய் வந்த சில நாளிலேயே தோளைத் தூக்குகிறாரா, விரலை விரிக்கிறாரா என்று பார்ப்பது, அதில் தெளிவு கிடைக்காதவர்களுக்கு டிஎம்எஸ் துடிப்பு கொடுத்து கையில் பதில் வருகிறதா என்று பார்ப்பது, இந்த இரண்டையும் வைத்து மூன்று மாதத்தில் கை எந்த அளவுக்குத் தேறும் என்று பெரும்பாலானவர்களுக்குச் சரியாகவே கணித்தார்கள்.

உங்கள் தம்பி விரலைக் கொஞ்சம் விரிக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே பெரிய நல்ல செய்தி அதுதான். மடக்குவது சுலபம், தசை இறுக்கமே மடக்கிவிடும். விரிப்பதற்கு மேலிருந்து உத்தரவு வந்தாக வேண்டும். மேஜை விளிம்புக்கு வெளியே மணிக்கட்டு தொங்கும்படி கையைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டை மேலே தூக்கி, கட்டைவிரலையும் வேறு இரண்டு விரலையும் கொஞ்சமாவது விரிக்க முடிகிறதா பாருங்கள். ஒவ்வொன்றும் 10 டிகிரி அசைந்தால் போதும், அது ஒரு நிமிடத்துக்குள் திரும்பத் திரும்ப சில தடவை வந்தால் போதும். இந்த 10 டிகிரியை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

இப்போது ஆய்வுகள் என்ன சொல்கின்றன. முதலிலேயே ஒன்று: இவற்றில் பெரும்பாலானவை பக்கவாத நோயாளிகளிடம் நடந்தவை, விபத்துத் தலைக்காயத்தில் நடந்தவை ரொம்பக் குறைவு. பக்கவாதத்தில் சேதம் ஒரு இடத்தில் இருக்கும், விபத்தில் மூளை குலுங்குவதால் பல இடங்களில் சிதறி இருக்கும். அதனால் அங்கே வந்த பலன் இங்கே அப்படியே வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டிடிசிஎஸ் பற்றி சின்னச் சின்ன ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் வந்து, பலவற்றில் நல்ல முடிவு சொன்னார்கள். அப்புறம் அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து டிரான்ஸ்போர்ட் 2 என்று ஒழுங்காக ஒரு ஆய்வு நடத்தின, 129 பேர், முடிவு 2025ல் வந்தது. ஒரு குழுவுக்கு 2 மில்லிஆம்பியர், ஒரு குழுவுக்கு 4, இன்னொரு குழுவுக்குப் பட்டையைக் கட்டிவிட்டுச் சும்மா ஒப்புக்குக் கரண்ட். மூன்று குழுவும் கைப்பயிற்சி செய்தது. மூன்றும் தேறியது. குழுக்களுக்கு நடுவே வித்தியாசம் இல்லை. அதாவது தேற வைத்தது பயிற்சி. இதற்கு முன்னால் 2018ல் வந்த நிச் என்ற டிஎம்எஸ் ஆய்விலும் இதே கதைதான். நல்ல பக்கத்து மூளையை அடக்கினால் அடிபட்ட பக்கம் எழுந்துகொள்ளும் என்ற யோசனையில் செய்தார்கள். நிஜ டிஎம்எஸ் வாங்கியவர்களிலும் பொய்ச் சுருள் வைத்தவர்களிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் நன்றாக முன்னேறினார்கள், இரண்டு பக்கமும் சமம். பல மாதங்கள் கழிந்த பக்கவாதத்தில் மூன்றில் இரண்டு பேர் முன்னேறினார்கள் என்பதே பெரிய சேதி. மாதக் கணக்கில் ஆகிவிட்டது, இனிமேல் ஒன்றும் இல்லை என்று வார்டில் யாராவது சொல்லியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள். தலைக்காயத்தில் ஒன்றரை இரண்டு வருடம் வரைகூட முன்னேற்றம் தொடர்வதைப் பார்க்கிறோம், அதற்குப் பிறகும் பயிற்சிக்குப் பலன் உண்டு.

வெளியிலிருந்து கொடுப்பது போதவில்லை என்று உள்ளேயே மின்முனை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. எவரெஸ்ட் என்று ஒரு ஆய்வு, மோட்டார் கார்டெக்ஸின் மேலே, மூளை உறைக்கு வெளியே மின்முனையைப் பதித்துப் பயிற்சியோடு தூண்டினார்கள். சின்ன ஆய்வுகளில் பிரமாதமாக இருந்தது, 2008ல் பெரிய ஆய்வின் முடிவு வந்தபோது பயிற்சி மட்டும் செய்தவர்களை விட மேலாக இல்லை. பின்னால் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது, சின்ன ஆய்வுகளில் சேர்ந்தவர்களுக்கு மின்தூண்டல் கொடுத்தால் கையில் அசைவு வந்தது, அதாவது இழை மிச்சம் இருந்தது. பெரிய ஆய்வில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை.

பலன் நிரூபணம் ஆனது கொஞ்சம் எதிர்பாராத இடத்தில். கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பு. இடது கழுத்தில் அதன் மேல் ஒரு மின்முனையைச் சுற்றி, மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரியை வைத்துவிடுவார்கள். நோயாளி ஒரு டம்ளரைப் பிடிக்கக் கையை நீட்டுகிற அந்த நொடியில் பிசியோதெரபிஸ்ட் பொத்தானை அழுத்துவார், அரை நொடி, 0.8 மில்லிஆம்பியர். இந்த நரம்பின் வழியாகப் போகும் தூண்டல் மூளைக்குள் நார்எபிநெஃப்ரின், அசிட்டைல்கோலின் போன்றவற்றை வெளிவிட வைக்கிறது, அவை 'இப்போது நடந்ததைப் பதித்துக்கொள்' என்று மூளைக்குச் சொல்லும் ரசாயனங்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 108 பேரிடம் நடந்த ஆய்வு, 2021ல் லான்செட் இதழில் வந்தது. எல்லோருக்கும் கருவியைப் பதித்தார்கள், பாதிப் பேருக்குக் கரண்ட் இல்லை. 6 வாரப் பயிற்சிக்குப் பின் கைத்திறன் மதிப்பெண் கரண்ட் வாங்கியவர்களுக்கு 5 புள்ளியும் வாங்காதவர்களுக்கு 2.4 புள்ளியும் ஏறியது. மூன்று மாதம் கழித்து அன்றாட வாழ்க்கையில் உணரும்படியான முன்னேற்றம் 47 சதவீதம் பேருக்கு, கரண்ட் இல்லாதவர்களில் 24 சதவீதம். அந்த வருடமே மருந்துக்கும் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ இதை அனுமதித்தது. கவனியுங்கள், மொத்த மதிப்பெண் 66, கூடுதலாகக் கிடைத்தது இரண்டரைப் புள்ளி. நல்ல முன்னேற்றம்தான், அற்புதம் இல்லை. ஒவ்வொரு அமர்விலும் 300 தடவைக்கு மேல் கையை வேலை வாங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஆந்த்ரே மச்சாடோ குழு சிறுமூளைக்குள் டென்டேட் என்ற இடத்தில் மின்முனை வைத்தது, பார்க்கின்சன் நோய்க்கு மூளையின் ஆழத்தில் மின்முனை வைக்கிற டிபிஎஸ் மாதிரியேதான். 12 பேர், பக்கவாதம் வந்து ஒன்றிலிருந்து மூன்று வருடம் ஆனவர்கள், 9 பேர் முன்னேறினார்கள், 2023ல் வெளியானது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆரம்பத்திலேயே விரல்களில் கொஞ்சம் அசைவு இருந்தவர்களுக்குத்தான் பெரிய ஏற்றம், மற்றவர்களுக்கு அந்த அளவு இல்லை. மறுபடியும் அந்த மிச்சக் கம்பிதான். தண்டுவடக் காயத்தில் சுவிட்சர்லாந்தின் லோசான் குழு 2024ல் இரண்டு பேருக்கு மூளைக்குள் பக்கவாட்டு ஹைப்போதாலமஸைத் தூண்டி நடை தேறியதைக் காட்டியது, அந்த இருவருக்கும் தண்டுவடம் முழுசாக அறுந்திருக்கவில்லை. உங்கள் தம்பி மாதிரியான தலைக்காயத்தில் மூளையின் நடுவே இருக்கும் தாலமஸைத் தூண்டிய ஒரு சின்ன ஆய்வு 2023ல் வந்தது, 5 பேர், ஆனால் அதில் பார்த்தது கவனமும் யோசனை வேகமும், கை இல்லை. இவை எதையும் கடலூரிலிருந்து கிளம்பிப்போய் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்காகச் சொல்லவில்லை. இது எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

சரி, இப்போது மரத்துப்போன விஷயம். இதைப் பெரும்பாலான இடங்களில் யாரும் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அதில் ரொம்ப வருத்தம் உண்டு. கை அசைகிறதா என்று பார்க்கிறார்கள், கைக்குத் தெரிகிறதா என்று பார்ப்பதில்லை.

தம்பி மெக்கானிக் என்பதால் சொல்கிறேன், அவரையே கேட்டுப் பாருங்கள். இன்ஜினுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு நட்டைப் போல்டில் ஏற்றும்போது என்ன செய்கிறோம்? நட்டை வைத்து முதலில் லேசாகப் பின்பக்கம் திருப்புவோம், மரை மரையில் விழுகிற அந்தச் சின்ன 'டக்' விரல் நுனியில் தெரியும், அப்புறம்தான் முன்பக்கம் முறுக்குவோம். அந்த டக் தெரியாவிட்டால் மரை கோணலாக ஏறி நட்டே வீணாகும். தசையில் எவ்வளவு பலம் வந்தாலும் அந்த உணர்வு இல்லாத கையால் இந்த வேலையைச் செய்ய முடியாது. உணர்வு இல்லாதபோது ஆள் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பார், இல்லை பிடித்ததையே மறந்து நழுவ விடுவார். நாளடைவில் அந்தக் கையை உபயோகிப்பதையே மூளை விட்டுவிடும்.

தொடு உணர்வுக்கு மூளையில் தனி இடம் இருக்கிறது என்பதையும் மின்சாரத்தால்தான் கண்டுபிடித்தார்கள். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் வலிப்பு நோயாளிகளை விழித்திருக்கும்போதே மூளை அறுவை செய்தார், மூளைக்கு வலி தெரியாது என்பதால் அது முடியும். ஒவ்வொரு இடமாக மெல்லிய மின்முனையால் தொட்டு 'என்ன தெரிகிறது' என்று கேட்டார். மூளையின் மேற்பரப்பில் ஓடும் நடுப்பள்ளத்துக்கு முன்னால் தொட்டால் விரல் அசைந்தது, பின்னால் தொட்டால் விரலில் கூச்சம் மாதிரி தெரிகிறது என்றார்கள். 1937ல் அவரும் போல்ட்ரேயும் வெளியிட்ட படத்தில் கையும் வாயும் மற்ற உறுப்புகளை விடப் பெரிய இடத்தைப் பிடித்திருக்கும். அசைவின் இடமும் உணர்வின் இடமும் ஒட்டி இருப்பதால்தான் ஒரே அடியில் தம்பிக்கு இரண்டும் போயிருக்கிறது.

அந்த அறிவை வைத்துத்தான் 2015ல் பிட்ஸ்பர்கில் நேதன் கோப்லண்ட் என்பவருக்கு, கார் விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், உணர்வுப் பகுதிக்குள்ளேயே நுண்ணிய மின்முனைகளை வைத்தார்கள். இயந்திரக் கையின் விரலைத் தொட்டால் அவருடைய சொந்த விரலில் அழுத்துவது மாதிரி அவருக்குத் தெரிந்தது. 2021ல் வந்த அடுத்த ஆய்வுதான் எனக்கு முக்கியம். இயந்திரக் கையால் பொருளை எடுத்து வைக்க, பார்வையை மட்டும் நம்பியபோது 20.9 நொடி, தொடு உணர்வையும் கொடுத்தபோது 10.2 நொடி. பாதி நேரம்! அசைவு கொஞ்சம்கூட மாறவில்லை, உணர்வு சேர்ந்தது அவ்வளவுதான். ஆனால் அவருக்கு உடைந்தது கழுத்துத் தண்டுவடம், மூளையில் உணர்வுப் பகுதி முழுசாக இருந்தது. தம்பிக்கு அடி அந்தப் பகுதியிலேயே என்பதால் இதை அப்படியே பொருத்த முடியாது.

தம்பிக்குப் பொருந்துவது உணர்வுப் பயிற்சி, அதற்குக் கரண்டே தேவையில்லை. ஆஸ்திரேலியாவில் லீயான் கேரி இதை முறைப்படுத்தி 2011ல் பலன் காட்டினார். வீட்டிலேயே செய்யலாம். ஒரு துணிப்பையில் புளியங்கொட்டை, சோழி, 5 ரூபாய் நாணயம், 10 எம்எம் நட்டு, 14 எம்எம் நட்டு, கொஞ்சம் நூல்கண்டு என்று போடுங்கள். கண்ணை மூடி வலது கையால் ஒன்றை எடுத்து என்னவென்று சொல்லட்டும். பிறகு அதே பொருளை இடது கையால் தொட்டு ஒப்பிடட்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டே மறுபடி வலது கையால் தொடட்டும். இந்த மூன்று படியும் முக்கியம், தப்பாகச் சொன்னாரா சரியாகச் சொன்னாரா என்பதை விட மூளைக்கு ஒப்பிட ஒரு விடை கிடைப்பதுதான் வேலை. முதலில் ரொம்ப வேறுபட்ட பொருள்கள், போகப்போக 10க்கும் 11க்கும் வித்தியாசம் கேளுங்கள், மெக்கானிக் விரல் அதை ரசித்துச் செய்யும். ஒரு எச்சரிக்கை: சூடு தெரியாத கை அது, டீ டம்ளரையும் வெந்நீர் வாளியையும் சைலன்சரையும் அந்தக் கையால் தொட விடாதீர்கள்.

கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. மார்புக்கு நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, வலது கையை அதற்குப் பின்னால் மறைத்து, இடது கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் விரிக்க முயல்வது. சென்னை ஸ்டான்லியில் படித்த நம் வி.எஸ். ராமச்சந்திரன் கை இழந்தவர்களின் வலிக்காகக் கண்டுபிடித்தது, 1999ல் அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் பக்கவாதத்துக்கும் அதைச் சொன்னார்கள். கடையில் வாங்கும் முகம் பார்க்கும் கண்ணாடியே போதும்.

அந்த 10 டிகிரிக்கு வருகிறேன். அந்த அளவு அசைவு இருந்தால் நல்ல கைக்கு உறையை மாட்டிக் கட்டிப்போட்டு, பாதிக்கப்பட்ட கையையே எல்லாவற்றுக்கும் உபயோகிக்க வைக்கிற பயிற்சியைத் தரலாம். எக்ஸைட் என்ற ஆய்வில் 222 பேர், 2006ல் வந்தது. இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கையில் உறை, வார நாட்களில் 6 மணி நேரம் வரை பயிற்சி. ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது. டிடிசிஎஸ்சுக்கு இந்த மாதிரி ஒரு ஆதாரம் இன்னும் இல்லை. ஆனால் நடக்கும்போதும் படியேறும்போதும் பாத்ரூமிலும் உறை கூடாது, விழுந்தால் ஊன்றக் கை வேண்டும்.

அளவு எவ்வளவு என்பதைத்தான் எல்லோரும் குறைத்து நினைக்கிறார்கள். அமெரிக்காவில் கேத்தரின் லாங் குழு 2009ல் பிசியோ அறைகளில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது ஒரு அமர்வில் கையை உபயோகமான வேலைக்கு அசைத்தது சராசரி 32 தடவைதான். விலங்கு ஆய்வுகளில் மூளையில் மாற்றம் வந்ததெல்லாம் நாளுக்கு நூற்றுக்கணக்கில் செய்தபோது. நம் ஊரிலும் வித்தியாசம் இல்லை, மெஷினை ஒட்டி 20 நிமிடம், கையைப் பிடித்து நீட்டி மடக்கி 10 நிமிடம், முடிந்தது. கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரி வந்து போக ஆகிற நேரத்தில் வீட்டில் இருநூறு முந்நூறு தடவை நட்டைக் கழற்றி மாட்டலாம். ஒரு பலகையில் பெரிய போல்டுகளை அடித்துத் தரச் சொல்லுங்கள், 19ல் ஆரம்பித்து 10 வரை இறங்கட்டும். அவருக்கு அர்த்தமுள்ள வேலை என்பதால் சலிக்காது, எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விரல் இறுக்கம்தான் தடையாக இருந்தால் பொட்டுலினம் ஊசி போட்டுத் தளர்த்தலாம், அதை மறுவாழ்வு மருத்துவரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் செய்துகொண்டே டிடிசிஎஸ்சும் பார்க்கலாம் என்று வீட்டில் நினைத்தால், நான் தடுக்க மாட்டேன், ஆனால் சில விஷயங்களைத் தெளிவுபடுத்தாமல் தலையில் பட்டையைக் கட்ட விடாதீர்கள். மண்டையோட்டைத் திறந்து மூடியிருக்கிறார்கள். எலும்பில் இடைவெளி இருக்கிற இடத்தில் கரண்ட் குவிந்து இறங்கும், வழக்கமான கணக்கு அங்கே பொருந்தாது. எந்த உலோகத்தால் எலும்பைப் பொருத்தினார்கள், உள்ளே கிளிப் ஏதாவது இருக்கிறதா என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், டிஎம்எஸ் செய்வதானால் இது இன்னும் முக்கியம். விபத்துக்குப் பிறகு ஒரு தடவையாவது வலிப்பு வந்ததா? வந்திருந்தால் நரம்பியல் மருத்துவர் எழுத்தில் சம்மதிக்காமல் எதுவும் வேண்டாம். கார்பமாசெபின் மாதிரியான வலிப்பு மாத்திரை டிடிசிஎஸ்ஸின் பலனைக் குறைத்துவிடும் என்று ஆய்வு இருக்கிறது. அதைக் காரணம் காட்டி மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள், நிறுத்தி வலிப்பு வந்தால் இதுவரை தேறியதும் போய்விடும். கரண்ட் ஓடும்போது கை என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேளுங்கள். 'படுத்திருந்தால் போதும்' என்று பதில் வந்தால் அவர்களுக்கு இந்தச் சிகிச்சையே புரியவில்லை. ஆன்லைனில் விற்கும் கருவியையோ 9 வோல்ட் பேட்டரியில் செய்த சாதனத்தையோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், பஞ்சு காய்ந்தால் தோல் வெந்துவிடும், தம்பிக்கு அந்த இடத்தில் உணர்வு குறைவாக இருந்தால் அதுவும் தெரியாது.

எங்கே போவது என்றால், முதலில் கோரிமேடு ஜிப்மர். நரம்பியல், நரம்பு அறுவை, மறுவாழ்வுப் பிரிவு எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, செலவும் உங்களைப் பயமுறுத்தாது. சில வாரம் தங்கித் தீவிரப் பயிற்சி எடுக்க முடியும் என்றால் வேலூர் சிஎம்சியின் பாகாயம் மறுவாழ்வு மையத்தையும் யோசியுங்கள். விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966ல் தொடங்கியது அது. வீட்டுக்கு வந்து பிசியோ தர, தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021லிருந்து இருக்கிறது. முதுநகர் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள், வருகிறவரிடம் மேலே சொன்ன நட்டுப் பலகையையும் துணிப்பையையும் காட்டி, இதை எப்படிப் படிப்படியாகக் கஷ்டமாக்குவது என்று கேளுங்கள்.

தம்பி மனநிலை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தலைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு ரொம்ப சகஜம், அது இருந்தால் எந்தப் பயிற்சியும் நடக்காது, அதற்கு மருந்து இருக்கிறது, டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம். ஜிப்மருக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, முதல் சிடி ஸ்கேன், எலும்பு வைத்த பிறகு எடுத்த ஸ்கேன், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள், இத்தனையையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள். மேஜை விளிம்பில் விரலை விரிக்கிற சோதனையை ஃபோனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஓபியில் கூட்டமும் பதற்றமும் சேர்ந்தால் கை இன்னும் இறுகி அங்கே அது சரியாக வராமல் போகலாம்.